லாரி சர்வீஸ்: கம்பெனிக்கு விடுவதா, நாமே பார்ப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் நான் மூன்று லாரி வைத்திருக்கிறேன். ஒன்று 2018-இல் எடுத்த பிஎஸ்-4 வண்டி. மற்ற இரண்டும் பிஎஸ்-6. (பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கான அரசு விதி. எண் கூடினால் கட்டுப்பாடும் கூடும்.) பழைய வண்டிக்கான வழக்கமான வேலை முழுக்க எங்கள் ஷெட்டிலேயே நடக்கிறது. புது வண்டிகள் கம்பெனி சர்வீஸுக்குப் போகின்றன, ஆனால் எல்லா வேலைக்கும் போவதில்லை. புதிதாக வண்டி எடுப்பவர்களும், ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது சொந்தமாக ஒன்று வாங்கியவர்களும் போன் போட்டு இது பற்றிக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக்குகளுக்குப் பில் கட்டியே கற்றுக்கொண்டவன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் அண்ணா, கம்பெனியா, நம்ம ஷெட்டா?

வாரண்டி இருக்கும்வரை ஆயில் சர்வீஸும், சென்சார், வயரிங், சைலன்சர் பக்க வேலைகளும் கம்பெனியில் நடக்கட்டும். கிரீஸ், டயர் காற்று, ஏர் டேங்க் தண்ணீர், வீல் நட்டு, பட்டைக் கட்டு (எடையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள்) இவையெல்லாம் வண்டி ஷோரூமை விட்டு வந்த முதல் நாளிலிருந்தே நம் பொறுப்பு. வாரண்டி முடிந்ததும் ஆயில் சர்வீஸையும் ஷெட்டுக்குக் கொண்டுவரலாம். லேப்டாப் மாட்டிப் பார்க்க வேண்டிய வேலை மட்டும் அப்போதும் அங்கேதான்.

பலர் இதில் கூலியை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். என் நோட்டைப் புரட்டினால், கூலியைவிட வண்டி நின்ற நாட்கள்தான் அதிகம் தின்றிருக்கின்றன.

நின்ற நாளுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

மாதம் 70,000 ரூபாய் தவணை கட்டுகிற வண்டி என்று வையுங்கள். ஒரு நாள் நின்றால் தவணை மட்டும் 2,300 ரூபாய்க்கு மேல். அதற்கு மேல் டிரைவர் படி, இன்சூரன்ஸ், டேக்ஸ். அந்த நாளில் கைவிட்டுப் போன லோடு தனி. சர்வீஸ் சென்டருக்குள் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு நுழைந்து, முன்னால் ஏழெட்டு வண்டி நிற்பதைப் பார்த்தால், உங்கள் வண்டி அன்று பிட்டில் ஏறாது என்று அர்த்தம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அதே ஆயில் சர்வீஸை, லோடுக்காக எப்படியும் நிற்கிற ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் மூன்று மணி நேரத்தில் முடிக்கலாம். கூலியில் மிச்சமாகும் சில நூறு ரூபாயைவிட அந்த ஒரு நாள் பெரிது.

ஆனால் இந்தக் கணக்கு தலைகீழாகவும் திரும்பும். ஷெட்டில் ஆயிலை இறக்கிவிட்டு, வாங்கி வைத்த ஃபில்டர் வேறு மாடலுக்கானது என்று அப்போது தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? நான் அப்படி ஒரு நாள் முழுக்க நிறுத்தியிருக்கிறேன். அதிலிருந்து எல்லா ஃபில்டரையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் டிரெயின் பிளக்கில் ஸ்பேனர் வைப்பது. முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு, ராத்திரி ஷிஃப்ட்டில் விட்டுக் காலையில் எடுக்கிற வசதி உங்கள் ஊர் சென்டரில் இருந்தால், கம்பெனிதான் லாபம்.

வெளியே கிரீஸ் அடித்தாலே வாரண்டி போய்விடும் என்கிறார்களே?

கிரீஸ் அடித்ததற்காக யாரும் வாரண்டியை மறுத்து நான் பார்த்ததில்லை. ஆயில் சர்வீஸைக் குறித்த கிலோமீட்டரில் செய்யாமல் தள்ளிப்போட்டதற்காக மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரிய வண்டிகளுக்கு இன்ஜின், கியர் பாக்ஸ், ஹவுசிங் (பின் ஆக்சில்) எல்லாம் சேர்த்து 6 வருடம் அல்லது 6 லட்சம் கிலோமீட்டர் வரைகூட வாரண்டி தருகிறார்கள். அதை 20,000 கிலோமீட்டர் தாமதத்தில் இழப்பது வயிற்றெரிச்சல். புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. மணல், ஜல்லி ஓட்டுகிறவர்களுக்குக் கிலோமீட்டர் ஏறாது, மாதம் ஓடிவிடும். அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம். 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்கு விடாதது முக்கியக் குற்றச்சாட்டு. வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. ஆனால் அது கார் விவகாரம், மேல்முறையீட்டுக்கும் போனது. சர்வீஸ் அட்வைசர் மேஜையில் நின்று அதைச் சொல்லி வாதாடினால் வண்டிதான் கூட இரண்டு நாள் நிற்கும். வாரண்டி புத்தகத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். அதுதான் அந்த மேஜையில் செல்லும்.

பிஎஸ்-4 வண்டிக்கு நானே எல்லாம் பார்த்தேன். பிஎஸ்-6 அப்படி என்ன பெரிதாக மாறிவிட்டது?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6. இன்ஜின் அதே இன்ஜின் குடும்பம்தான். மாறியது சைலன்சர் பக்கம். புகைக்கரியைப் பிடித்து வைக்கிற டிபிஎஃப் என்ற வடிகட்டி, அதற்குப் பின்னால் புகையில் இருக்கும் நச்சு வாயுவைக் குறைக்க யூரியா கரைசல் தெளிக்கிற எஸ்சிஆர், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சென்சார்கள்.

டிபிஎஃப்பில் கரி சேர்ந்தால் வண்டி அதைத் தானே சூடேற்றி எரித்துக்கொள்ளும். இதற்குத்தான் ரீஜென் என்று பெயர். 600 டிகிரி வரை போகும். கரி எரியும். ஆனால் இன்ஜின் ஆயிலில் இருக்கிற உலோகச் சத்து எரிந்து மிஞ்சும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கும். அதனால்தான் பிஎஸ்-6 வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடுகிற சிகே-4 ரக ஆயில். பிஎஸ்-4 வண்டிக்கு நாம் ஊற்றிய சிஐ-4 பிளஸ் இதற்கு ஆகாது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். வெளியூரில் ஆயில் குறைந்து, டிரைவர் போன் செய்தபோது, “கையில் எது கிடைக்கிறதோ அதை ஊற்றப்பா” என்று சொன்னேன். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. அது பழக்கமாகி, பல மாதம் டாப் அப் எல்லாம் பழைய ரக ஆயிலிலேயே நடந்திருக்கிறது. அப்புறம் ரீஜென் விளக்கு வாரத்துக்கு ஒரு தடவை எரிய ஆரம்பித்தது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை. கடைசியில் டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய விட்ட செலவில், நல்ல ஆயில் இரண்டு சர்வீஸுக்கு வாங்கியிருக்கலாம். இப்போது கேபினில் எப்போதும் சரியான ரகத்தில் 5 லிட்டர் கேன் ஒன்று இருக்கும்.

டிரைவரே தினமும் என்னென்ன பார்க்கலாம்?

இந்தப் பதிலை மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன். எந்தக் கம்பெனியும் உங்களுக்காகச் செய்யாத வேலை இதுதான்.

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் ஸ்டிக், கூலன்ட் அளவு. கூலன்ட் குறைந்தால் ரோட்டோரக் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் பிரிகிற கிண்ணம் இருக்கும். அதன் திருகை லேசாகத் தளர்த்தி ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாக நிற்கும், டீசல் மேலே மிதக்கும். மழைக்காலத்தில் ஒரு குறிப்பிட்ட பங்க்கில் போட்ட மறுநாள் தண்ணீர் வந்தால், அந்த பங்க்கை மாற்றிவிட வேண்டியதுதான்.

ஏர் டேங்கின் வளையத்தை இழுத்தால் வெறும் காற்று வர வேண்டும். தண்ணீர் தெளித்தால் ஏர் டிரையர் கேட்ரிட்ஜ் முடிந்துவிட்டது. கையில் கறுப்பாக ஆயில் பசை ஒட்டினால் கம்ப்ரசர் ரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். இதை விட்டுவிட்டால் அந்தத் தண்ணீரும் ஆயிலும் பிரேக் வால்வுகளுக்குள் போகும்.

வீல் நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு இறங்கியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. பஞ்சர் போட்டு டயர் மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். எங்கள் டிரைவர் ஒருவர் டீ குடிக்க நிறுத்தும் முதல் இடத்தில் இதைச் செய்துவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பார்.

அப்புறம் கிரீஸ். கன்னை வைத்து நாலு அழுத்து அழுத்தினால் கிரீஸ் அடித்ததாக ஆகாது. பட்டைப் பின்னில் பழைய கிரீஸ் மணலோடு கறுப்பாக வெளியே வந்து, அதற்குப் பின்னால் புதுசு அதன் நிறத்திலேயே எட்டிப் பார்க்க வேண்டும். கியர் பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பல்லர் சாஃப்டின் கிராஸ் இணைப்பில் நான்கு மூடி இருக்கும். நான்கிலும் கிரீஸ் கசிய வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது. நடுக்காட்டில் கிராஸ் உடைவது அந்த மூடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வாட்டர் வாஷ் அடித்த பிறகு கட்டாயம் கிரீஸ் அடிக்க வேண்டும். பலர் கிரீஸ் அடித்துவிட்டு வாஷுக்கு விடுகிறார்கள்!

ஷெட்டில் ஆயில் மாற்றும்போது எதில் தவறு நடக்கிறது?

சமதளத்தில் நிறுத்தி, கட்டை போட்டு, இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது இறக்க வேண்டும். ஆறிப்போன ஆயில் அழுக்கோடு அடியில் தங்கிவிடும். அவசரப்படாமல் சொட்டு நிற்கும்வரை விடுங்கள். பிளக்கின் வாஷரை மாற்றுங்கள். பத்து ரூபாய் சாமானை மிச்சம் பிடித்து ஆயிலை ரோட்டில் சிந்துகிறவர்கள் உண்டு. ஆயில் ஃபில்டர் ரப்பரில் புது ஆயிலைத் தடவி, கையால் இறுக்கி, அதற்கு மேல் ஃபில்டர் மேலேயே போட்டிருக்கிற அளவுக்கு முக்கால் சுற்றோ என்னவோ அவ்வளவுதான். சங்கிலி ரெஞ்ச் போட்டு மல்லுக்கட்டினால் அடுத்த தடவை கழற்றும்போது தெரியும்.

டீசல் ஃபில்டர் விஷயத்தில் பழைய வழக்கம் ஒன்றை விட வேண்டும். முன்பெல்லாம் புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவோம். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகிற வகை) அப்படிச் செய்தால், வடிகட்டாத தூசி நேராகப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போகும். காலியாக மாட்டி, கைப் பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். கை வலிக்கும், பரவாயில்லை.

ஏர் ஃபில்டரைப் பஞ்சர் கடைக் காற்றில் ஊதிச் சுத்தம் செய்வதையும் நிறுத்திவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் காகிதம் கிழியும். உள்ளே இருக்கிற சின்ன ஃபில்டர் ஊதுவதற்கானதே அல்ல, மாற்ற மட்டும்தான்.

நாமே தொடவே கூடாத வேலை எது?

முதலாவது, பின் சக்கரத்து ஹேண்ட் பிரேக் சேம்பர். அதற்குள் பெரிய ஸ்பிரிங் ஒன்று அழுத்தி அடைக்கப்பட்டிருக்கிறது. கிளாம்பைக் கழற்றினால் அது குண்டு மாதிரி வெளியேறும். ஆளைக் கொல்லும். ரிப்பேர் பார்க்க நினைக்காமல் முழுசாக மாற்றுங்கள், அதையும் தெரிந்தவர் செய்யட்டும்.

இரண்டாவது, ஓடுகிற இன்ஜினில் டீசல் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்திப் பார்ப்பது. பழைய பம்ப் வண்டியில் எந்த நாசில் மிஸ் ஆகிறது என்று அப்படித்தான் பார்ப்போம். காமன் ரெயிலில் 1,600 பார் வரைகூட அழுத்தம் இருக்கும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

மூன்றாவது, ரிங் வைத்த டயருக்குப் பாதுகாப்புக் கூண்டில்லாமல் காற்றடிப்பது. நான்காவது, பாடி வெல்டிங். நம்ம ஊரில் பாடி கட்டுகிற பட்டறைகளில் பேட்டரி ஒயரையும் இசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் கழற்றிவிட்டு வெல்டிங் வைப்பார்கள். நெடுஞ்சாலை ஓர வெல்டருக்கு அந்தப் பொறுமை இருக்காது. டெயில் கேட் கொண்டி ஒட்ட வைத்து இசிஎம்மைச் சுட்டவர்கள் உண்டு.

இன்ஜெக்டரை யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம்தான். ஆனால் அதன் தலையில் பொறித்திருக்கிற எண்ணை இசிஎம்மில் ஏற்ற வேண்டும், அதற்கு லேப்டாப் வேண்டும்.

யூரியா கேன் எங்கே வாங்கினாலும் ஒன்றுதானே?

இல்லை. அது 32.5 சதவீதம் சுத்த யூரியா, மீதி தாது உப்பு நீக்கிய தண்ணீர். மானிய விலை உர யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தும் கேனில் விற்கிறார்கள். நம் நாட்டு உர யூரியா 2015 முதல் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் தண்ணீரின் உப்பும் சேர்ந்து தெளிப்பானை அடைத்து, எஸ்சிஆர் தேனடையையும் பாழாக்கும். கேனை முகர்ந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பில் தருகிற இடத்தில், சீல் பார்த்து வாங்குங்கள்.

சைலன்சர் மேல் தெளிப்பான் பக்கத்தில் உப்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் கசிவு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுபடி வருகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். வந்தால் கம்பெனிக்கு விடுங்கள்.

டிரைவர் யூரியா டேங்கில் டீசலை ஊற்றிவிட்டார். என்ன செய்ய?

சாவியையே போடாதீர்கள். சாவி போட்டால் பம்ப் இழுத்துவிடும். இழுப்பதற்கு முன் டேங்கை மட்டும் கழற்றிக் கழுவினால் பிழைக்கலாம். டீசல் டேங்கில் யூரியா போனாலும் இதே கதை. கட்டி இழுத்துக்கொண்டு கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுக்கலாமா?

மாதம் 8,000, 10,000 கிலோமீட்டர் ஒரே ரூட்டில் ஓடுகிற வண்டிக்கும், ஷெட்டும் ஆளும் இல்லாதவருக்கும் எடுக்கலாம். செலவு மாதத்துக்கு இவ்வளவு என்று முன்பே தெரியும். கையெழுத்துப் போடுவதற்கு முன் கிளட்ச் பிளேட், பிரேக் லைனர், டிபிஎஃப் சுத்தம் இந்த மூன்றும் உள்ளே வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தேய்மானச் சாமான் சேராது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருப்பார்கள். செலவு வருவதே தேய்மானத்தில்தான்.

கம்பெனியில் விட்டுவிட்டோம் என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

ஒருமுறை பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஏர் ஃபில்டர் மாற்றிக் கொடுத்தார்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகிற ரப்பர் ஹோஸின் கிளாம்பை இறுக்கவில்லை. பில்லில் 52 வேலைக்கு டிக் போட்டிருந்தது. மூன்று வாரம் கழித்து விசில் சத்தம் கேட்கிறது என்று டிரைவர் சொல்லி, கேபினைத் தூக்கிப் பார்த்தபோது ஹோஸ் உள்பக்கம் விரலால் கோடு போடுகிற அளவுக்குத் தூசி.

அந்த வேலையைப் பார்த்த பையனையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி அவன் கையில் வருகிறதோ. ஆனால் அன்றிலிருந்து வண்டியை வாங்கும்போது கேபினைத் தூக்கச் சொல்லி, ஹோஸ் கிளாம்புகள், டிரெயின் பிளக், ஃபில்டர்களில் போட்ட தேதி, பழைய ஃபில்டர்கள் எல்லாம் பார்த்த பிறகுதான் பணம். பழைய ஃபில்டரைக் காட்டச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஸ்பேர் ஒரிஜினல்தான் போட வேண்டுமா?

ஃபில்டர், பிரேக் சாமான், பேரிங், சென்சார் இவற்றில் சமரசம் வேண்டாம். கம்பெனிக்குச் சப்ளை செய்கிற தயாரிப்பாளரே தன் பெயரில் வெளியே விற்பதும் நல்லதுதான், விலையும் குறைவு. மட்கார்ட், கண்ணாடி, விளக்கு மூடிக்கெல்லாம் எது கிடைத்தாலும் சரி.

எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போகும்போது கம்பெனி சர்வீஸ் பில் கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை எஃப்சி. அங்கே பார்ப்பது வண்டியின் நிலைமையை.

ஷெட்டில் பார்த்த வேலையால், விற்கும்போது விலை குறையுமா?

பழைய வண்டிக்குக் குறையவில்லை. சேசிஸில் வெல்டிங் இருக்கிறதா, ஹவுசிங் கத்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். பிஎஸ்-6 வண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது சர்வீஸ் ஹிஸ்டரி. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன ஆயில், எத்தனை லிட்டர், யார் செய்தது. ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்களை அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். வாரண்டித் தகராறு வந்தாலும் பேசப்போவது இந்த நோட்டுதான். தெர்மல் பேப்பர் பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

என்னிடம் ஒரே வண்டி. ஷெட்டும் இல்லை. நான் என்ன செய்ய?

நல்ல வெளி மெக்கானிக் ஒருவரைப் பிடியுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலி மட்டும் அவருக்கு. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிரீஸ் கன், டயர் கேஜ், வீல் ஸ்பேனர் இந்த மூன்றும் சொந்தமாக இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

இறக்கிய ஆயிலை என்ன செய்வது?

ஒரு சர்வீஸுக்கு 15 முதல் 20 லிட்டர் பழைய ஆயில் சேரும். முன்பு பாதி பிளாட்பார்ம் பலகைக்கும் சேசிஸுக்கும் பூசுவோம், மீதி காட்டு ஓரத்தில் போகும். கிணற்றுப் பக்கம் ஊறினால் நம் தண்ணீர்தான் கெடும். 2016-ஆம் வருட அபாயகரக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். நாங்கள் ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்துக் கொடுக்கிறோம். முகம் தெரியாத ஆள் டெம்போவில் வந்து கூட விலை சொன்னால் யோசியுங்கள். அதை வடிகட்டி, நிறம் சேர்த்து, நாம் குப்பையில் போட்ட கேனிலேயே அடைத்து நமக்கே விற்கிற வேலையும் நடக்கிறது. அதனால் காலி கேனை நான் ஆணியால் நாலு இடத்தில் குத்திவிட்டுத்தான் பழைய சாமான்காரரிடம் போடுவேன். ஓட்டையில்லாத கேனுக்கு, மூடியும் லேபிளும் நன்றாக இருந்தால், அவர் 20 ரூபாய் கூடத் தருகிறார்.